துருப்பிடித்த பழைய பிக்கப்பை வாங்கி மீட்பது: வேலூர்ப் பக்கத்து அனுபவத்தில் ஒரு முழு வழிகாட்டி

ஒடுகத்தூர் போகும் சாலையோரம் ஒரு புளியமரத்தடியில் நின்ற பழைய மகிந்திரா பிக்கப்பைப் பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "இன்ஜின் ஓடுமா?" வண்டிக்காரப் பெரியவர், "அதெல்லாம் ஒரே இழுப்புல புடிச்சிக்கும் தம்பி" என்றார். சொன்னபடியே பிடித்துக்கொண்டது. அன்றே விலை பேசி முடித்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பாடியின் பலகைகளைக் கழற்றியபோது அடியில் இருந்த குறுக்குச் சட்டங்கள் கைபட்ட இடத்தில் உதிர்ந்தன. அது பல வருடம் பேரணாம்பட்டிலிருந்து உப்புப் போட்ட தோல் ஏற்றிய வண்டி. "இதுல இன்னா லோடு ஓட்டினீங்க?" என்று நான் கேட்டிருந்தால் பெரியவர் மறைத்திருக்க மாட்டார். நான் கேட்கவில்லை.

அந்த வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. அதற்கு ஆன செலவிலும் நேரத்திலும் பாதியை மிச்சப்படுத்தியிருக்கலாம். இன்ஜினை எந்த நிலையிலிருந்தும் மீட்கலாம், நல்ல பெயின்டரும் கிடைப்பார். வண்டியின் ஆயுளை முடிவு செய்வது எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டமான சேஸ்தான். அதனால் இந்த வழிகாட்டி துருவைச் சுற்றியே போகும்.

எந்த வண்டியைத் தேடுவது

நம் பக்கத்தில் பழைய பிக்கப் என்றால் பெரும்பாலும் நான்கு வகைதான் கண்ணில் படும். ஜீப்பை நீட்டிப் பின்னால் தொட்டி வைத்த மகிந்திரா முதலாவது. பழையதில் வில்லிஸ் வழி வந்த பெட்ரோல் இன்ஜின் இருக்கும். எண்பதுகள் முதல் வந்ததில் பியூஜோ உரிமத்தில் செய்த எக்ஸ்டிபி 4.90 டீசல், 2112 சிசி. அடுத்தது பஜாஜ் டெம்போவின் மேட்டடார். அதன் பிற்கால மாடல்களில் மெர்சிடிஸ் உரிமத்தில் செய்த டீசல் இன்ஜின், இழுப்பது முன் சக்கரம். மூன்றாவது 1988இல் டாடா கொண்டுவந்த டாடாமொபைல், நாம் 207 என்று சொல்லும் குடும்பம். நான்காவது, எப்போதாவது தட்டுப்படும், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு 20.

முதல் முறை இறங்குகிறவருக்கு நான் சொல்வது மகிந்திரா டீசல். சேஸ் தனி, பாடி தனி, நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். எதையும் கழற்றி மாட்டலாம். ஜீப் ஓடும் ஊரெல்லாம் அதன் பிரேக் கிட்டும் கிளட்ச் பிளேட்டும் கிடைக்கும். மேட்டடார் ஓட்டச் சுகமானது, ஆனால் அதன் முன் ஆக்சில் வேலை தெரிந்த மெக்கானிக்குகள் குறைந்துவிட்டார்கள். ஸ்டாண்டர்டு 20 மேல் ஆசை இருந்தால், இரண்டாவது வண்டி ஒன்றை உதிரிக்காகவே வாங்கி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

வேலூருக்கு ஒரு வசதி உண்டு. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறோம். சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்காத பழைய உதிரி பெங்களூர் சிவாஜி நகரில் கிடைக்கும். இரண்டுமே ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்.

என்ன ஏற்றியது, எங்கே நின்றது

கடற்கரை ஊர்களோடு ஒப்பிட்டால் நம் ஊர்க் காற்றில் உப்பு இல்லை, வெயிலும் அதிகம். வெறுமனே நின்ற வண்டி இங்கே மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். வேலூர்ப் பக்கத்தில் வண்டியைத் தின்றது பெரும்பாலும் காற்று அல்ல, லோடு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் ஏற்றுவார்கள். வழியெல்லாம் தோலிலிருந்து உப்புநீர் கசியும். அது பலகை இடுக்கு வழியே இறங்கிக் குறுக்குச் சட்டத்தின் மேல் தங்கி, அங்கிருந்து சேஸின் உள்பக்கத்துக்குப் போகும். வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளப்பாக இருக்கும். உப்பு ஒருமுறை இரும்பின் குழிகளுக்குள் புகுந்தால் மேலே சுரண்டிப் பெயின்ட் அடிப்பது போதாது. சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி பொங்கிக்கொண்டு வரும்.

அடுத்த ஆபத்து ஆற்று மணல். பாலாற்றில் ஈர மணல் அள்ளிய வண்டிகளில் சேஸின் மடிப்புகளுக்குள் மணல் தங்கியிருக்கும். மழைக்கு மழை அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செங்கல் சூளை வண்டியில் துரு குறைவு. ஆனால் அளவுக்கு மீறி ஏற்றியதால் பட்டைகள் தளர்ந்து சேஸ் தொய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பால் கேன் ஏற்றிய வண்டியில் சிந்திய பால் புளித்து, தரைத் தகடு போயிருக்கும், சேஸ் தப்பித்திருக்கும்.

நல்ல வண்டி எங்கே கிடைக்கும்? குடியாத்தத்தில் லுங்கியும் தீப்பெட்டியும் ஏற்றிய வண்டி, அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி கத்தரிக்காயை மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்த வண்டி, ஆலங்காயம் பக்கம் மாங்காய்ப் பருவத்தில் மட்டும் எடுத்த வண்டி. இப்படி லேசான, உலர்ந்த லோடு ஓட்டியவற்றைத் தேடி இரண்டு மாதம் அலைந்தாலும் நஷ்டமில்லை.

நின்ற இடத்தையும் கேளுங்கள். சிமெண்ட் தரையா, மண்ணா? மண்ணில் நின்றிருந்தால் டயர் எவ்வளவு புதைந்திருக்கிறது? மரத்தடியில் நின்ற வண்டியில் உதிர்ந்த சருகுகள் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வழியில் சேர்ந்து மக்கியிருக்கும். ஈரம் அங்கேயே தங்கி, டேஷ் போர்டுக்குப் பின்னால் ஓட்டை விழுந்திருக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததே, அப்போது கரையோரம் இருந்ததா என்பதும் முக்கியம். சீட்டுக்கு அடியிலும் ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ளும் மெல்லிய வண்டல் படிந்திருந்தால் கியர் பாக்ஸ், ஹவுசிங் எல்லாவற்றுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் சரியில்லையென்றால் வண்டியைத் தொடாதீர்கள்

ஆர்சி புக் கையில் இல்லாத வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. நம் பகுதியில் இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. மிச்சப் பகுதி பிற்பாடு வேலூர் மாவட்டமானது. அதிலிருந்து 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அதே 1989இல்தான் மாநில எழுத்தோடு தொடங்கும் இப்போதைய நம்பர் முறையும் வந்தது. ஆக, பழைய முறை நம்பரோடு "வட ஆற்காடு" என்று எழுதிய ஆர்சி புக் உங்கள் கைக்கு வரலாம். அந்த வண்டியின் பதிவேடு இன்று டிஎன் 23 வேலூரில் இருக்கிறதா, டிஎன் 25 திருவண்ணாமலையிலா, டிஎன் 73 ராணிப்பேட்டையிலா, டிஎன் 83 வாணியம்பாடியிலா என்பதை வாங்கும் முன்பே நேரில் போய் விசாரியுங்கள். மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் நம்பரை அடித்தால் விவரம் வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் பழைய பதிவை கணினியில் ஏற்றும் வேலை முதலில் முடிய வேண்டும். அதை விற்பவரே முடித்துத் தரச் சொல்லுங்கள்.

ஆர்சியில் முதலில் பார்க்க வேண்டியது, வண்டி சொந்த உபயோகமா, சரக்கு வண்டியா என்பது. சொந்த உபயோகமாகப் பதிவானது என்றால் 15 வருடத்துக்குப் பிறகு படிவம் 25 கொடுத்து, சோதனைக்குக் காட்டி, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சரக்கு வண்டி என்றால் 8 வருடம் கடந்த பிறகு ஆண்டுதோறும் எஃப்சி என்னும் தகுதிச் சான்று. மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை, எஃப்சி தேவைதான். பாக்கி வரி, பசுமை வரி எவ்வளவு நிற்கிறது என்று கணக்குப் போட்டு அதை விலையில் கழியுங்கள்.

ஃபைனான்ஸ் பெயர் ஆர்சியில் இன்னும் இருந்தால் அந்தக் கம்பெனியின் கடிதமும் படிவம் 35உம் வேண்டும். கடனை இருபது வருடம் முன்பே கட்டி முடித்திருப்பார்கள், ஆனால் பெயரை எடுத்திருக்க மாட்டார்கள். கம்பெனியே இப்போது இல்லாமல் போயிருந்தால் இது மாதக்கணக்கில் இழுக்கும். பெயர் மாற்றத்துக்கு 29உம் 30உம். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு முதலில் படிவம் 31 வழியாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு பிறகு உங்களுக்கு விற்கட்டும். அண்ணன் தம்பி நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கும் வண்டி பிறகு பஞ்சாயத்துக்கு வரும்.

அரசு ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப், பிக்கப் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. பதிவு ரத்தான வண்டி உதிரிக்கு மட்டும்தான் உதவும்.

சொந்த உபயோக வண்டிக்கு 50 வயது கடந்து, பெரிய மாற்றம் செய்யாமல் பழைய வடிவிலேயே இருந்தால் 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி பொருந்தும். நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருடம். ஆனால் அப்படிப் பதிவானதைத் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். வயலுக்கும் சந்தைக்கும் ஓட்ட நினைப்பவர் சாதாரணப் பதிவையே உயிரோடு வைத்திருப்பது நல்லது.

நேரில் பார்க்கும் நாள்

காலையில் போங்கள். கையில் டார்ச், சின்னச் சுத்தியல், பழைய ஸ்குரூ டிரைவர், துணி சுற்றிய ஒரு காந்தம், அடியில் படுக்கக் கோணிப்பை. இதெல்லாம் இல்லாமல் போனால் பார்த்ததாகவே கணக்கு இல்லை.

முதலில் சேஸ் நம்பர். ஆர்சியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டு, தாள் வைத்துப் பென்சில் தடம் எடுத்துக்கொள்ளுங்கள். நம்பர் இருக்கும் இடத்தைத் துரு தின்று எழுத்து தெரியவில்லையென்றால் அந்த வண்டியை விட்டுவிடலாம். இன்ஜின் நம்பர் வேறாக இருந்தால், மாற்றிய இன்ஜினை ஆர்சியில் ஏற்றினார்களா என்று கேளுங்கள்.

அப்புறம் அடியில் படுங்கள். சுத்தியலால் சேஸை ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், அடுக்கடுக்காகத் துருவேறியது மொத்தென்று விழும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்குரூ டிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள். பட்டைகளைத் தாங்கும் கொக்கிகள் சேஸில் சேரும் இடம், குறுக்குச் சட்டம் ரிவிட் அடித்த இடம், ஸ்டியரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடம், இந்த மூன்றும் பிரதானம். ரிவிட்டைச் சுற்றிச் செந்நிறத் தூள் வடிந்திருந்தால் ரிவிட் தளர்ந்து ஆடுகிறது. சேஸுக்கு மேல் தார் போன்ற கறுப்புப் பூச்சு புதிதாக அடித்திருந்தால் அதைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் மறுத்தால் நீங்களும் மறுத்துவிடுங்கள்.

பாடியில் காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி கனமாகப் பூசியிருக்கிறது. கதவின் கீழ் விளிம்பு, பேட்டரி வைக்கும் தட்டு, கால் வைக்கும் தரையின் மூலைகள், பின்பாடிக் கதவின் கீல். இவையெல்லாம் போயிருந்தாலும் கவலை இல்லை, தகடு வெட்டி வைத்துவிடலாம். கேபினில் கண்ணாடி உட்காரும் சட்டம் அரித்திருந்தால் மட்டும் யோசியுங்கள், அதை வளைவு மாறாமல் செய்யத் தெரிந்த டிங்கர் கிடைப்பது கஷ்டம்.

இன்ஜினைக் கடைசியில் பாருங்கள். ஓடினால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து புகை அடிக்கிறதா என்று பார்த்தால் போதும். ஓடவில்லையென்றால் கையால் சுற்றுகிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தாலும் அது விலை குறைக்க ஒரு காரணம், அவ்வளவுதான்.

என் அனுபவத்தில் மீட்கும் செலவு வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. அந்தப் பணமும் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பேசி முடித்ததும் வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியின் பிரேக் ரப்பர்கள் முதல் நாலு மிதிக்குத் தாங்கும், ஐந்தாவது மிதி பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில் விழும். வேறு லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

பிரிக்கும் வேலை

நிழலும் சிமெண்ட் தரையும் உள்ள இடம் வேண்டும். ஒரு போல்ட்டைக் கழற்றும் முன் நூறு படம் எடுங்கள். வயர், குழாய், வாஷர் அடுக்கு எல்லாம் கிட்டத்தில். சின்ன உருப்படிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தாளில் பெயர் எழுதி உள்ளேயே வையுங்கள். பைமேல் எழுதிய மை டீசல் பட்டதும் அழிந்துவிடும். பழைய போல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள், புதியது வாங்க அதுதான் அளவு.

இறுகிய போல்ட்டுக்கு முந்தின நாள் மாலையே துரு இளக்கும் ஆயிலை விட்டு, காலையில் சுத்தியலால் தட்டிவிட்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இழை நகர்த்தி, அப்புறம் கழற்றுங்கள். அதற்கும் வராதது கேஸ் சூட்டுக்கு வரும். டீசல் டேங்க், பிரேக் குழாய் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

பாடியைத் தூக்கிய பிறகு சேஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக் குண்டு போதும். பட்டைக் கொக்கித் துளைகளிலிருந்து குண்டை இறக்கித் தரையில் சாக்கட்டிக் குறி போடுங்கள். நான்கு குறிகளுக்கும் மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்தால் சமமாக வர வேண்டும். அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் வெல்டிங்குக்கு முன்னாலேயே சேஸ் நிமிர்த்தும் பட்டறைக்குப் போக வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம்தான் ஆகும். இதைச் செய்யாமல் விட்டவர்களின் வண்டி சாலையில் ஒருக்களித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

துருவை எடுப்பது

தோல் ஏற்றிய வண்டியா? அப்படியென்றால் சுரண்டுவதற்கு முன் கழுவுங்கள். பிரஷர் வாட்டர் வைத்துச் சேஸின் உள்மடிப்பெல்லாம் அடித்து, வெயிலில் காயவிட்டு, மறுபடி அடித்து, இப்படி மூன்று நான்கு நாள். உப்பு தண்ணீரில் கரையும், கிரைண்டருக்குக் கரையாது. நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல ஊர்களில் உப்புக் கரிக்கும். கடைசிக் கழுவலுக்காவது நல்ல தண்ணீர் பிடியுங்கள்.

அடுத்து, சேஸ், ஆக்சில் ஹவுசிங், வீல் டிரம் போன்ற கனமான இரும்புக்கு மணல் வீச்சுதான் சிறந்தது. ராணிப்பேட்டையில் பெல் ஆலையைச் சுற்றியும் சிப்காட்டிலும் பேப்ரிகேஷன் பட்டறைகள் அதிகம். பிளாஸ்டிங் செய்பவர்களை அங்கே விசாரித்தால் கிடைப்பார்கள். ஆற்று மணல் வைத்து வீசுபவரிடம் கொடுக்காதீர்கள், அந்தத் தூசி வேலையாளின் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். கார்னெட் அல்லது இரும்புத் துகள் பயன்படுத்தும் இடமாகப் பாருங்கள். கதவு, பானெட் போன்ற மெல்லிய தகடுகளை பிளாஸ்டிங்குக்கு அனுப்ப வேண்டாம், வீச்சின் வேகத்தில் நெளிந்துவிடும். அவற்றுக்குக் கம்பி பிரஷும் எமரி தாளும் பொறுமையும்தான்.

கீல், கைப்பிடி, பிராக்கெட் போன்ற சின்ன உருப்படிகளுக்கு வீட்டிலேயே மின்முறை செய்யலாம். பிளாஸ்டிக் டிரம்மில் 10 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து, பேட்டரி சார்ஜரின் மைனஸை உருப்படியிலும், பிளஸைப் பழைய இரும்புத் தகட்டிலும் கொடுத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு இரவு விட்டால் துரு கறுப்பாகக் கழன்று வரும். பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மட்டும் வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்யும் என்பது ராணிப்பேட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிரம்மிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், ஆகவே திறந்த இடத்தில் வையுங்கள், பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது. ஸ்பிரிங் பட்டைகளை இந்த முறையில் போடவே கூடாது, எஃகு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

சுத்தமான இரும்பு அன்று மாலைக்குள் பிரைமர் பார்த்துவிட வேண்டும். இரவுப் பனி பட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். ரெட் ஆக்சைடு மலிவு, எல்லோரும் அதைத்தான் அடிப்பார்கள். ஆனால் அது ஈரத்தை உள்ளே விடும். சேஸுக்கு இரண்டு பாக எபாக்சி பிரைமர் அடியுங்கள். இந்த ஒரு இடத்தில் காசு பார்க்க வேண்டாம்.

வெல்டிங்

அரித்த இடத்தின் மேலேயே தகடு வைத்து ஒட்டுவது நம் பட்டறைகளில் சகஜம். "ஒரு பேட்ச் போட்டா போதும்ணே" என்பார்கள். உள்ளே இருக்கும் துரு இரண்டு தகடுகளுக்கு நடுவில் சாவகாசமாக வேலை செய்யும். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

பாடிக்கு 18 கேஜ் சிஆர் தகடு, அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர். பின்பாடித் தரைக்கு 16 கேஜ், சுமார் 1.6 மில்லிமீட்டர். மெல்லிய தகட்டுக்கு சிஓ2 வெல்டிங் வேண்டும், ஆர்க் வைத்தால் ஓட்டை விழும், கேஸ் வைத்தால் நெளியும். தொடர்ச்சியாக இழுக்காமல் இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக வைத்து ஆறவிட்டு நிரப்ப வேண்டும். துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு துருப்பிடிக்காது என்று ஆசைப்பட்டால், வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகம் புகையாகி வேலை செய்பவருக்குக் காய்ச்சல் கொண்டுவரும்.

சேஸுக்கு, இருக்கும் இரும்பின் கனத்திலேயே தகடு எடுங்கள். வலுவூட்டும் தகட்டைச் செவ்வகமாக வெட்டி, சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் இழுத்தால் அந்தக் கோட்டிலேயே பின்னால் விரிசல் விடும். முனைகளைச் சாய்சதுரமாக, மீன் வாய் போல வெட்டிச் சாய்வாக வெல்டிங் வைக்க வேண்டும். சட்டத்தின் மேல், கீழ் மடிப்பு விளிம்புகளில் வெல்டிங் படக் கூடாது. சேஸ் நம்பர் உள்ள பகுதியில் வெட்டு, கிரைண்டர், வெல்டிங் எதுவும் ஆகாது. டேங்கை முதலிலேயே கழற்றித் தூரமாக வையுங்கள்.

பிரேக், ஸ்டியரிங்

பழைய பிரேக்கில் எதையும் மிச்சம் பிடிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாம் புதிது. டிரம்மை லேத்தில் கொடுத்து உட்புறம் சமன் செய்யுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை ஏர் வைத்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

இந்தப் பழைய வண்டிகளில் பிரேக் லைன் பெரும்பாலும் ஒரே சுற்று. ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஆகவே ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிப்பது கட்டாயம்.

முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின், பேரிங், டை ராட் எண்ட் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்ததன் தேய்மானம் வெளியே வந்து, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறத் தொடங்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். தரையைத் தொடும் பட்டன்கள் நன்றாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயர் வெடிக்கலாம்.

இன்ஜின்

இறுகிய டீசல் இன்ஜினை இழுத்துவிட்டு எழுப்ப முயலாதீர்கள், கனெக்டிங் ராட் வளையும். டீசலைப் பீச்சும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, மூன்று நாள் ஊறவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பேனர் வைத்து முன்னும் பின்னுமாக அசையுங்கள். சுற்றியதும், துளைகள் திறந்திருக்கும்போதே உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டு மாட்டுங்கள். டேங்க், டீசல் பைப், பில்டர் மூன்றும் சுத்தமாகும் வரை பம்புக்கு டீசல் விடாதீர்கள். டேங்கிலிருந்து வரும் துருத்தூள் ஒரு நிமிடத்தில் பம்பையும் நாசிலையும் கெடுக்கும்.

பியூஜோ இன்ஜினில் பிஸ்டன் ஓடும் உருளைகளான ஸ்லீவுகளைச் சுற்றித் தண்ணீர் நேரடியாக ஓடும். இங்கேதான் நம் ஊர்த் தண்ணீர் விளையாடுகிறது. வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய இன்ஜினில் ஸ்லீவுக்கு வெளியே சுண்ணாம்பு கல் போல் கெட்டியாகப் பிடித்திருக்கும். அதனாலேயே ஹீட் ஏறும், கேஸ்கெட் போகும். ஹெட்டைக் கழற்றினால் ஸ்லீவையும் எடுத்துப் பின்பக்கக் குழிகளைப் பாருங்கள், அடி ரப்பர் வளையங்களை மாற்றுங்கள், ஹெட்டை லேத்தில் சமம் பார்க்கக் கொடுங்கள். ரேடியேட்டரை வேலை தெரிந்தவரிடம் கொடுத்துக் குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு கூலன்ட், அதோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். சித்திரை வெயிலில் ஆம்பூர் வரை லோடோடு போய்வர வேண்டுமென்றால் இது விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை.

வயரிங்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய வயர்க் கற்றையை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு முழு வயரிங் கிட் புதிதாகப் போடுங்கள். ஃபியூஸ் பாக்ஸ் வையுங்கள். இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவே தடித்த எர்த் பட்டை போடுங்கள், பெயின்டைச் சுரண்டிவிட்டுத்தான் இறுக்க வேண்டும்.

பெயின்ட்

வேலூரில் பெயின்டுக்கு என்று ஒரு காலம் இருக்கிறது. தை பாதியிலிருந்து பங்குனி முடிய. கத்திரி வெயிலில் அடித்தால் ஸ்பிரே கன்னிலிருந்து கிளம்பிய பெயின்ட் தகட்டைத் தொடுமுன்பே காய்ந்து சொரசொரவென்று நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடித்தால் காற்றின் ஈரம் பட்டு வெளிறும். தை மாதமும் காலையில் பனி இருக்கும், பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள்.

பட்டி மெல்லிசாகத்தான் வேண்டும். பள்ளத்தை டிங்கர் நிமிர்த்த வேண்டும், பட்டியால் நிரப்பக் கூடாது. பியூ (பாலியூரிதேன்) பெயின்ட் நீடிக்கும், ஆனால் அதன் கடினப்படுத்தியின் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பவருக்கு நீங்களே சரியான மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். வேலை செய்கிற வண்டிக்கு எனாமல் போதும் என்பது என் எண்ணம். கீறல் விழுந்தால் பிரஷ் வைத்து நாமே தொட்டுவிடலாம். நிறம் ஆர்சியில் உள்ளபடியே இருக்கட்டும், மாற்றினால் பதிவிலும் மாற்ற வேண்டும். பாடியை உயர்த்துவது, வேறு இன்ஜின் வைப்பது எல்லாமே ஆர்டிஓவின் முன் அனுமதி இல்லாமல் செய்ய முடியாதவை.

கதவின் அடி, சேஸின் மூடிய பகுதிகள், கேபின் தூண்கள், இவற்றின் உள்ளே மெழுகு சார்ந்த துருத்தடுப்பை நீளக் குழாய் வைத்து அடியுங்கள். பழைய இன்ஜின் ஆயில் ஊற்றும் வழக்கம் உண்டு. அது ரப்பர் புஷ்களை ஊற வைத்துக் கெடுக்கிறது, எனக்கு உடன்பாடில்லை. கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளைப் பெயின்டோ மெழுகோ அடைத்துவிடாமல் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

சாலைக்கு

இன்ஷூரன்ஸ் எடுத்து, சோதனைக்குக் காட்டி, கையில் ஆர்சி வந்த பிறகு முதல் 100 கிலோமீட்டரை வெறும் வண்டியாக, ஊருக்குப் பக்கத்திலேயே ஓட்டுங்கள். திரும்பியதும் வீல் நட், பட்டைகளின் யூ போல்ட், பாடி போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். இன்ஜின் பிரித்து வேலை செய்திருந்தால் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். பாதி லோடோடு ஒரு மாதம். அதற்குப் பிறகு ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளில் ஒருமுறை ஏற்றி, டெம்பரேச்சர் முள்ளும் பிரேக்கும் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். இறங்கும்போது ஏறிய அதே கியர்.

முதல் பெரிய மழை வந்த மறுநாள் பின்பாடிப் பலகைகளில் இரண்டைத் தூக்கி, அடியில் தண்ணீர் எங்கே தங்கியிருக்கிறது என்று பாருங்கள். தங்கிய இடத்தில் 8 மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டு, துளையின் விளிம்புக்குப் பிரைமர் தொட்டுவிட்டு, பலகையை மாட்டுங்கள்.